கடல் நடுவே அடுப்பு

2005 ஜூலை 26 அன்று மும்பை சாந்தாக்ரூஸில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் மழை கொட்டியது. நகரம் மூழ்கிய செய்திகள் நாடெங்கும் நிறைந்ததால், மறுநாள் அதே மழையின் தொடர்ச்சியாகக் கடலில் நடந்தது பலருடைய நினைவில் தங்கவில்லை. கரையிலிருந்து சுமார் 160 கிலோமீட்டர் தள்ளி, ஓ.என்.ஜி.சி.யின் மும்பை ஹை எண்ணெய் வயலில், முக்குளிப்பவர்களுக்கு உதவியாக நின்றிருந்த கப்பல் சமுத்திர சுரக்ஷா. அதன் சமையல்காரர் ஒருவருக்கு இரண்டு விரல்களின் நுனி துண்டாகிவிட்டது. மழையால் ஹெலிகாப்டர்கள் கிளம்பவில்லை. அருகிலிருந்த மும்பை ஹை நார்த் மேடையில் மருத்துவ வசதி உண்டு. கிரேன் கூடையில் அவரை மேலே ஏற்றிவிடலாம் என்று முடிவானது.

காற்றுக்கு மறைவான பக்கத்து கிரேன் பழுது. ஆகவே காற்றும் அலையும் வந்து மோதும் பக்கமாகவே கப்பல் போக வேண்டியிருந்தது. அதன் உந்திகளின் கட்டுப்பாட்டிலும் கோளாறு இருந்ததால் கையால் இயக்கி, பின்புறமாக நெருங்கினார்கள். கூடை மேலே போய்ச் சேர்ந்தது. அதன்பின் ஓர் அலை கப்பலைத் தூக்கியதில், அதன் ஹெலிகாப்டர் தளம் மேடையின் வெளிப்புறத்தில் ஏறிச் செல்லும் குழாய்களில் இடித்தது. எரிவாயு கசிந்து பற்றிக்கொண்டது. இரண்டு மணி நேரத்துக்குள் ஏழு அடுக்கு மேடை அழிந்தது. அங்கிருந்த 384 பேரில் 22 பேர் இறந்தனர் அல்லது காணாமல் போயினர். தீப்பிடித்த கப்பலும் சில நாட்களில் மூழ்கியது.

எண்ணெய்த் துறையில் இந்த விபத்து இன்றும் பாடமாக நடத்தப்படுகிறது. குழாய்கள் எங்கே இருக்க வேண்டும், கப்பல் எந்தப் பக்கத்திலிருந்து அணுக வேண்டும், எப்போது வேண்டாமென்று மறுக்க வேண்டும் என்பதெல்லாம் அதில் வரும். சமையற்கட்டு முதல் வரியில் தலைகாட்டிவிட்டு மறைந்துவிடும். எனக்கு அந்த முதல் வரியில்தான் அக்கறை. பருவமழைக் கடலில் ஆடும் தரையில் நின்று, நூறு பேருக்குக் கத்தி பிடிக்கிற வேலையை யாரும் ஆபத்தான வேலை என்று எழுதிவைப்பதில்லை. அது ‘வசதி’ என்ற தலைப்பின்கீழ் போய்விடுகிறது. கடலில் வேலை செய்பவர்களின் சட்டமும் சம்பளக் கணக்கும் ஒரு நூற்றாண்டாகச் சமையல்காரரை அந்தத் தலைப்பிலிருந்து வெளியே எடுக்கப் பார்க்கின்றன. பாதிதான் முடிந்திருக்கிறது.

இன்றைய சரக்குக் கப்பலில் இருபது, இருபத்தைந்து பேர் இருப்பார்கள். அவர்களுக்குச் சமைக்க ஒரு சீஃப் குக், பரிமாறவும் பாத்திரம் துலக்கவும் ஒரு மெஸ்மேன். சில கப்பல்களில் அந்த மெஸ்மேனும் கிடையாது. 1960களின் இந்தியச் சிப்பந்திகள் கொண்ட கப்பலில் இதே பிரிவு ஒரு சிறு குடும்பம் போல இருந்தது: சீஃப் ஸ்டூவர்ட், சீஃப் குக், செகண்ட் குக், மாலுமிகளுக்கெனத் தனியாக ஒரு பண்டாரி, ஸ்டூவர்டுகள், பேன்ட்ரி ஆள், துப்புரவுக்கு ஒரு டோப்பாஸ். கொள்கலன் வந்தது, எஞ்சின் அறை தானியங்கியானது, மொத்த ஆட்கள் பாதிக்கும் கீழே குறைந்தனர். ஆட்கள் குறைந்தபோது சமையலறை வேலையும் அதே அளவுக்குக் குறையும் என்று யாரோ கணக்குப் போட்டிருக்கிறார்கள். ஐம்பது பேருக்கு மூன்று வேளை சமைப்பதற்கும் இருபத்திரண்டு பேருக்குச் சமைப்பதற்கும் அடுப்படியில் நிற்கும் நேரம் பெரிதாக மாறாது என்பது கல்யாண வீட்டில் கரண்டி பிடித்த எவருக்கும் தெரியும்.

ஒரு குக்கின் நாளைப் பார்ப்போம். கப்பலின் காவல் நேரம் நான்கு மணிக்கொரு முறை மாறுகிறது. பன்னிரண்டு மணிக் காவலுக்குப் போகிறவர் பதினொன்றரைக்கே சாப்பிட வேண்டும். அவர் விடுவிக்கும் ஆள் பன்னிரண்டு மணிக்கு மேல்தான் வருவார். இப்படி ஒவ்வொரு வேளைக்கும் இரண்டு பந்தி. காலை ஐந்தரைக்கு அடுப்பு பற்றவைத்தால் பகல் ஒன்றரை வரை இடைவிடாத வேலை. மாலை மூன்றரைக்கு மறுபடி தொடங்கி ஏழு மணிக்குத் தரையைக் கழுவிவிட்டு வெளியேறலாம். கூட்டினால் பதினொன்றரை மணி நேரம். வாரம் ஏழு நாளும் இதே கதை. டெக்கில் இருப்பவர்களுக்கு ஞாயிறு கொஞ்சம் இளைப்பாறல். இந்தியர்கள் உள்ள கப்பலில் குக்குக்கு அது பிரியாணி நாள். வாரத்துக்கு எண்பதரை மணி நேரம்.

இது சட்டமீறலா? பதில் வேடிக்கையானது. 2006இல் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு ஏற்று 2013 ஆகஸ்ட் 20 முதல் நடைமுறைக்கு வந்த கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கை இரண்டு அளவுகோல்களைக் கொடுத்து, எதை வேண்டுமானாலும் வைத்துக்கொள் என்று நாடுகளிடம் விட்டுவிடுகிறது. முதலாவது, வாரத்துக்கு 72 மணி நேரத்துக்கு மேல் வேலை கூடாது. இரண்டாவது, வாரத்துக்குக் குறைந்தது 77 மணி நேர ஓய்வு வேண்டும். வாரத்தின் 168 மணி நேரத்திலிருந்து 77ஐக் கழித்தால் 91. அதாவது இரண்டாவது அளவுகோலைத் தேர்ந்த நாட்டின் கொடி பறந்தால் 91 மணி நேரம் வரை வேலை வாங்கலாம். நம் குக்கின் எண்பதரை மணி நேரம் ஒரு கொடியின் கீழ் குற்றம், பக்கத்தில் நங்கூரமிட்டிருக்கும் வேறு கொடியின் கீழ் ஒழுங்கான வேலை. ஓய்வை ஒரு நாளில் இரண்டு துண்டுகளுக்கு மேல் பிரிக்கக்கூடாது, ஒரு துண்டு ஆறு மணி நேரமாவது இருக்க வேண்டும் என்ற விதியும் உண்டு. அதைக் காப்பாற்றுவதுபோல் ஓய்வுநேரப் பதிவேடு நிரப்பப்பட்டுவிடும். இரவு பதினொரு மணிக்குத் துறைமுகத்தில், கப்பலுக்குச் சாமான் விற்கும் ஷிப் சாண்ட்லரின் லாரி வந்து, அரிசி மூட்டையையும் உறைந்த கோழியையும் எண்ணி இறக்கிவைக்க வேண்டியிருந்தால் அந்த நேரம் எந்தக் கட்டத்தில் எழுதப்படுகிறது என்பது கப்பலுக்குக் கப்பல் வேறுபடும்.

ஆனாலும் இந்த உடன்படிக்கையைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். கப்பலில் சமைப்பவருக்குத் தகுதி வேண்டும் என்ற எண்ணமே மெதுவாகத்தான் வந்தது. பிரிட்டன் 1906இல் கொண்டுவந்த வணிகக் கப்பல் சட்டம், ஆயிரம் டன்னுக்குக் குறையாத வெளிநாட்டுப் பயணக் கப்பல்களில் 1908 ஜூன் மாதத்துக்குப் பிறகு சான்றிதழ் பெற்ற குக் இருக்க வேண்டும் என்றது. அதுவரை அடுப்படிக்கு அனுப்பப்பட்டவர்களில் கயிறு ஏற முடியாதவரும் வயதானவரும் அதிகம். 1946இல் சியாட்டிலில் கூடிய தொழிலாளர் மாநாடு கப்பல் குக்குகளின் சான்றிதழுக்கென்றே தனி உடன்படிக்கை செய்தது. 2006ஆம் ஆண்டினது இன்னும் சிலவற்றைச் சேர்த்தது: உணவுக்குக் காசு வாங்கக்கூடாது, பதினெட்டு வயது ஆகாதவரைக் குக்காக வைக்கக்கூடாது, கேப்டனோ அவர் பெயரில் வேறொருவரோ உணவுப் பொருளையும் குடிநீரையும் சமையற்கட்டையும் அடிக்கடி சோதித்து எழுதிவைக்க வேண்டும். எத்தனை ஆட்கள் வேண்டும் என்று தீர்மானிக்கும்போது உணவுப் பணியையும் கணக்கில் எடு என்று அரசுகளுக்குச் சொன்னதுதான் எல்லாவற்றிலும் முக்கியம். இந்தியா 2015 அக்டோபரில் இந்த உடன்படிக்கையை ஏற்றது.

சலுகையும் அதே பக்கத்தில் இருக்கிறது. பத்துப் பேருக்குக் குறைவாக ஆள் நிர்ணயிக்கப்பட்ட கப்பலில் முழுத் தகுதி பெற்ற குக் கட்டாயமில்லை. சுகாதாரப் பயிற்சி பெற்ற எவரும் சமைக்கலாம். எண்ணெய் வயல்களைச் சுற்றி ஓடும் இழுவைப் படகுகள் பல இந்த வரிக்குள் வந்துவிடுகின்றன.

சமையல்காரரின் திறமையைத் தீர்மானிப்பது பல நேரம் நாக்கு இல்லை, பணம். ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு இவ்வளவு டாலர் என்று நிறுவனம் ஒதுக்குகிறது. பல சரக்குக் கப்பல்களில் அந்தத் தொகை ஒற்றை இலக்கத்திலோ அதைச் சற்றே தாண்டியோதான் நிற்கும். சிங்கப்பூரில் வாங்கும் காய்கறி ஒரு விலை, மேற்கு ஆப்பிரிக்கத் துறைமுகத்தில் இன்னொரு விலை. ஒதுக்கீடு மட்டும் மாறாது. மூன்றாவது வாரத்தில் கீரை போய், தக்காளி போய், முட்டைக்கோசும் கேரட்டும் உருளைக்கிழங்கும் மிஞ்சும். இதில் உக்ரைன் எஞ்சினியருக்கு சூப்பும் ரொட்டியும், பிலிப்பைன்ஸ் மாலுமிக்கு வேளை தவறாமல் சோறு, தமிழ் அதிகாரிக்கு ரசம். தங்கள் நாட்டவர் அல்லாத குக் வந்தால் முதல் வாரம் மெஸ்ஸில் முணுமுணுப்பு இருக்கும். அதைச் சமாளிப்பவர் ஒரு வாரத்தில் கப்பலின் மனநிலையையே மாற்றிவிடுவார். இதை எந்தக் கேப்டனும் மறுக்க மாட்டார்; ஆனால் ஒதுக்கீட்டை ஒரு டாலர் கூட்டச் சொல்லிக் கடிதம் எழுதுபவர் குறைவு.

வேலையின் உடல் பக்கத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன். அடுப்பின் மேல் பாத்திரம் நழுவாதபடி இரும்புக் கம்பிச் சட்டம் இருக்கும். கடல் கொந்தளித்தால் பாத்திரத்தைப் பாதிதான் நிரப்புவார்கள், பொரியல் வகைகளை நிறுத்திவிடுவார்கள். எண்ணெய் கொதிக்கும் பெரிய வாணலிக்குத் தனித் தீயணைப்பும், ஒன்று பழுதானால் இன்னொன்று என இரட்டை வெப்பக் கட்டுப்பாடும் வேண்டும் என்று கப்பல் பாதுகாப்பு விதிகள் சொல்கின்றன. புகைக்குழாயில் படியும் பிசுக்கு தீக்குப் பிடித்தமான தீனி. மைனஸ் 18 டிகிரி குளிர் அறைக்குள் மாட்டிக்கொண்டால் அழுத்த உள்ளே ஒரு அலாரம் பொத்தான் உண்டு. மிச்சச் சோற்றைக்கூட நினைத்த இடத்தில் கொட்ட முடியாது: கரையிலிருந்து 12 கடல் மைலுக்கு அப்பால்தான் அப்படியே கொட்டலாம், 25 மில்லிமீட்டர் சல்லடையில் இறங்கும்படி அரைத்தால் 3 மைலுக்கு அப்பால். நிலையான எண்ணெய் மேடையில் அரைத்தே ஆக வேண்டும், 12 மைலும் தாண்டியிருக்க வேண்டும். எல்லாம் பதிவேட்டில் ஏறும்.

இந்தியர்களுக்கும் கப்பல் சமையலுக்கும் உள்ள உறவு நீராவிக் காலத்திலேயே ஆழமாகிவிட்டது. பி அண்டு ஓ போன்ற பிரிட்டிஷ் நிறுவனங்கள் வேலையை ஊரும் மதமும் பார்த்துப் பங்கிட்டன. டெக்கில் கொங்கண், குஜராத் கடற்கரை முஸ்லிம்கள். எஞ்சின் அறையில் பஞ்சாபிகளும் சில்ஹெட்காரர்களும். சாப்பாட்டுக் கூடத்திலும் சமையற்கட்டிலும் கோவாக் கத்தோலிக்கர்கள். மாட்டிறைச்சியும் பன்றியிறைச்சியும் மதுவும் தொடுவதில் தயக்கமில்லாதவர்கள் என்பதே கோவாக்காரர்களை எடுத்ததற்குக் காரணம். மும்பை தோபி தலாவ் பகுதியில் கோவா கிராமங்கள் ஒவ்வொன்றும் தனக்கென ‘கூட்’ என்ற விடுதி வைத்திருந்தன: சுவரோரம் வரிசையாகத் தகரப் பெட்டிகள், ஒரு மூலையில் ஊர்ப் புனிதரின் பீடம், கப்பல் கிடைக்கும்வரை படுக்க இடம். சில இன்றும் இருக்கின்றன. இந்த இந்தியச் சிப்பந்திகளுக்குத் தனி ஒப்பந்தம், தனிச் சம்பளம், தனி ரேஷன். பிரிட்டிஷ் மாலுமிக்குக் கிடைத்ததில் மூன்றில் ஒரு பங்குக்கும் ஐந்தில் ஒரு பங்குக்கும் இடையே எங்கோ அந்தக் கூலி நின்றது. முதல் வகுப்புப் பயணிக்கு ஏழு வகை பரிமாறியவருக்குத் தனக்கான அரிசி, பருப்பு, நெய், கருவாடு எத்தனை அவுன்ஸ் என்பது அச்சிட்ட தாளில் இருந்தது.

எண்ணெய் மேடைக்கு வருவோம். அங்கே அடுப்பு அணைவதே இல்லை. பன்னிரண்டு மணி நேர முறை வேலை இரவும் பகலும் ஓடுவதால் நான்கு பந்தி: விடியலில், நண்பகலில், மாலையில், நள்ளிரவில். இரவு முறை முடித்து வருபவருக்கு விடியற்காலை உணவுதான் இரவுச் சாப்பாடு. அவர் இறைச்சி கேட்பார், பக்கத்து மேசைக்காரர் இட்லி கேட்பார். இதையெல்லாம் நடத்துபவரின் பெயர் கேம்ப் பாஸ். அவருக்குக் கீழே குக்குகள், பேக்கர், ஸ்டூவர்டுகள், அறைகளைப் பெருக்கிப் படுக்கை மாற்றும் ரூம் பாய்கள், எண்ணெய்க் கறை படிந்த மேலுடைகளை ஓயாமல் துவைக்கும் லாண்டரி ஆள். மேடையில் இத்தனை பேர் என்ற எண்ணிக்கை தினமும் மாறும். ஹெலிகாப்டர் ஒவ்வொரு முறை இறங்கும்போதும் கேம்ப் பாஸ் கட்டில் கணக்கும் தட்டுக் கணக்கும் போடுவார்.

இவர்கள் எவரும் எண்ணெய் நிறுவனத்தின் ஊழியர்கள் அல்லர். கேட்டரிங் ஒப்பந்ததாரர் ‘ஆள்-நாள்’ கணக்கில் பணம் வாங்குகிறார்: ஒருவரை ஒரு நாள் உண்ணவும் உறங்கவும் வைத்ததற்கு இவ்வளவு. குறைந்த விலை சொன்னவருக்கு ஒப்பந்தம் போகும் முறையில், அரிசி விலையையும் மீன் விலையையும் ஒப்பந்ததாரரால் குறைக்க முடியாது. ஆட்களின் கூலியையும் தலைகளின் எண்ணிக்கையையும் குறைக்கலாம். ஓ.என்.ஜி.சி. ஊழியர் பதினான்கு நாள் கடலில், பதினான்கு நாள் கரையில். அவருக்குத் தட்டு வைப்பவரின் சுற்று பெரும்பாலும் அதைவிட நீளம். வடகடலின் பிரிட்டிஷ் பகுதியிலும் கேட்டரிங் ஒப்பந்தத்தில்தான் நடக்கிறது. ஆனால் அங்கே கேட்டரிங் நிறுவனங்கள் சங்கமாகச் சேர்ந்து தொழிற்சங்கங்களுடன் பொது ஊதிய ஒப்பந்தம் பேசும் வழக்கம் உண்டு. குறைந்த விலைப் போட்டிக்கு அது தரையாவது போட்டுவிடுகிறது.

ஒப்பந்தச் சமையலறையின் பழைய உதாரணம் ஒன்று 1912இல் கிடைக்கிறது. டைட்டானிக் கப்பலின் உயர்தர உணவகத்தை லூயிஜி காத்தி என்பவர் தனி உரிமம் எடுத்து நடத்தினார். அங்கிருந்த அறுபதுக்கும் மேற்பட்ட இத்தாலிய, பிரெஞ்சுப் பணியாளர்கள் கப்பல் பட்டியலில் பெயர் இருந்தும் கப்பலின் ஆட்களாக நடத்தப்படவில்லை. மூவர் மட்டுமே பிழைத்தனர், அவர்களில் இருவர் காசாளராக இருந்த பெண்கள். மூன்றாமவரான பால் மோஷே பிரிட்டிஷ் விசாரணையில் சொன்ன சாட்சியத்தின்படி, மற்றவர்களைக் கப்பல் ஸ்டூவர்டுகள் மேல்தளத்துக்கு விடவில்லை; தான் சாதாரண உடையில் பயணிபோல் தோன்றியதால் போக முடிந்தது. படகு இறக்கும் வேலை தெரிந்த மாலுமிக்கு ஓர் இடம் உண்டு, பயணச்சீட்டு வாங்கியவருக்கு ஓர் இடம் உண்டு. இரண்டிலும் சேராதவருக்கு என்ன இடம் என்று யாரும் முன்கூட்டி எழுதிவைத்திருக்கவில்லை.

மேடையில் அந்தக் குழப்பம் இன்று இல்லை. அவசரப் பட்டியலில் ஸ்டூவர்டுக்கும் ரூம் பாய்க்கும் வேலை எழுதியிருக்கும்: அறை அறையாகத் தட்டி எழுப்புவது, ஸ்ட்ரெச்சர் தூக்குவது. எந்தக் கட்டிலில் யார் தூங்குகிறார் என்பது அவர்களுக்குத்தானே தெரியும். ஆனால் பெரிய விபத்துகளைப் பார்த்தால், எண்ணெய் எடுக்கும் இடத்தைவிடச் சாப்பிட்டுத் தூங்கும் இடம்தான் அதிகம் கொன்றிருக்கிறது. 1980 மார்ச் 27 அன்று வடகடலின் நார்வேப் பகுதியில் கவிழ்ந்த அலெக்சாண்டர் கீலாண்ட் அப்போது மிதக்கும் தங்குமிடமாக இருந்தது. மாலை வேளை, பலர் சாப்பாட்டுக் கூடத்திலும் சினிமா அறையிலும் இருந்தனர். 212 பேரில் 123 பேர் இறந்தனர். 1988 ஜூலை 6 இரவு பைப்பர் ஆல்ஃபா எண்ணெய் மேடை எரிந்தபோது ஆட்கள் உத்தரவுக்காகக் கூடியது தங்குமிடத் தொகுதியின் உணவுக் கூடத்தில்தான். உத்தரவு வரவில்லை, புகை வந்தது. 167 பேர் இறந்த அந்த விபத்தை விசாரித்த கல்லன் பிரபு அளித்த 106 பரிந்துரைகளில் தங்குமிடத்தைக் காக்கும் கேள்வி நடுநாயகமானது. நம் பக்கத்தில் 2021 மே மாதம், டவ்தே புயலில் மும்பை ஹை அருகே மூழ்கிய பி-305 ஒரு தங்குமிடப் பார்ஜ். 261 பேரில் 186 பேரே மீட்கப்பட்டனர். புயல் எச்சரிக்கை வந்த பின்னும் கடலில் வைத்திருந்தால், அடுப்பும் கட்டிலும் உள்ள இடத்துக்குப் பாதுகாப்பான இடம் என்ற பெயர் பொருந்தாது.

இந்த வேலைக்கு ஆள் எங்கிருந்து வருகிறார்கள்? இந்தியாவில் கப்பல் துறை இயக்குநரகம் அங்கீகரித்த ஆறு மாதக் கடல்சார் கேட்டரிங் படிப்பு ஒரு வழி, ஹோட்டல் மேனேஜ்மென்ட் படித்துவிட்டு உல்லாசக் கப்பலுக்குப் போவது இன்னொரு வழி. இரண்டுக்கும் சி.டி.சி. என்னும் மாலுமிப் புத்தகமும், தீயணைப்பு, நீரில் உயிர்காப்பு, முதலுதவிப் பயிற்சிகளும் வேண்டும். ஹெலிகாப்டரில் மேடைக்குப் போகிறவர் என்றால், தலைகீழாக நீரில் அமிழும் கூண்டிலிருந்து வெளியேறும் பயிற்சியும் உண்டு; வெங்காயம் நறுக்கப் போகும் பையனுக்கும் அது பொருந்தும். கப்பலில் வேலை வாங்கித் தருவதற்கு மாலுமியிடம் பணம் வாங்கக்கூடாது என்பது உடன்படிக்கையின் விதி. உரிமம் பெற்ற முகவர் மூலமே அனுப்ப வேண்டும் என்பது இந்திய விதி. இருந்தும் லட்சக்கணக்கில் வாங்கிக்கொண்டு ஏமாற்றும் கும்பல் ஒழியவில்லை. அதில் அதிகம் சிக்குவது அதிகாரிப் படிப்புக்கு வசதியில்லாமல் கேட்டரிங் பக்கம் வரும் கிராமத்துப் பையன்கள்.

கப்பலில் எந்த வேலை செய்தாலும் அவர் மாலுமியே என்கிறது 2006 உடன்படிக்கை. அந்த ஒரு வரையறையால் உல்லாசக் கப்பலின் பாத்திரம் துலக்குபவருக்கும் ஓய்வு நேரமும், ஊர் திரும்பும் செலவும் உரிமையாகின. முதலாளி உணவும் குடிநீரும் தராமல் விட்டுவிட்டால் அவர் சட்டப்படி கைவிடப்பட்ட மாலுமி. காப்பீடு பணம் தர வேண்டும். ஆனால் கடல் தரையில் கால் ஊன்றிய நிலையான மேடை கப்பல் ஆகாது. இந்தியாவில் அதன் பாதுகாப்பை 2008ஆம் ஆண்டின் கடலோர எண்ணெய்ப் பணிப் பாதுகாப்பு விதிகளும் எண்ணெய்த் துறைப் பாதுகாப்பு இயக்குநரகமும் பார்க்கின்றன. கேட்டரிங் ஆளின் கூலியும் வேலை நேரமும் கரையில் இருக்கும் ஒப்பந்தத் தொழிலாளியின் சட்டத்தோடு போகின்றன. ஆக, உதவிக் கப்பலில் சமைக்கும் ஒருவரை அவருடைய ஒப்பந்ததாரர் அடுத்த மாதம் மேடைக்கு மாற்றினால், அதே கடல், அதே அடுப்பு, அதே எண்பது மணி நேர வாரம். ஆனால் ஓய்வுநேரப் பதிவேட்டைக் கேட்டு வாங்கிப் பார்க்கும் துறைமுக ஆய்வாளர் அங்கே ஏறி வருவதில்லை.